நூறு பக்கம் போயும் ஒன்றும் நடக்கவில்லையே! – பழைய துப்பறியும் நாவல்கள் ஏன் இத்தனை நிதானம்?

"துப்பறியும் நாவல்னு நம்பி எடுத்தேன். நூறு பக்கம் போச்சு, இன்னும் ஒன்னுமே நடக்கலை." பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. இதில் அதிகம் அடிபடும் பெயர் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' (1868). மூன்ஸ்டோன் என்பது கதையில் காணாமல் போகும் வைரத்தின் பெயர். நவீன ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் முதலாவது, மிக நீளமானது, மிகச் சிறந்தது என்று கவிஞர் டி.எஸ். எலியட் இதைப் பாராட்டினார். முதலாவதையும் மூன்றாவதையும் நம்பி வாங்குகிறவர்கள் நடுவில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

இந்தப் புலம்பலுக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். அந்தக் காலத்து ஆட்களுக்கு நேரம் நிறைய இருந்தது என்பார்கள். அல்லது இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை இல்லை என்பார்கள். இரண்டும் மேலோட்டமான பேச்சு. 'மூன்ஸ்டோன்' தொடராக வந்துகொண்டிருந்தபோது, இதழ் வெளியாகும் நாளில் லண்டன் வெலிங்டன் தெருவில் வாசகர்கள் கூட்டமாகக் காத்துக்கிடந்ததையும், வைரம் கடைசியில் எங்கே கிடைக்கும் என்று பந்தயம் கட்டியதையும் அதன் பதிப்பாளர் டின்ஸ்லி எழுதிவைத்திருக்கிறார். பொறுமைசாலிகள் பந்தயம் கட்டுவதில்லை.

நிதானம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் அதற்குள் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது. புதிரின் கட்டுமானத்துக்கே தேவைப்படும் நிதானம் ஒன்று. பத்திரிகையும் பதிப்புத் தொழிலும் திணித்த நீளம் இன்னொன்று. எழுத்தாளர் சறுக்கியதால் வந்த இழுவை மூன்றாவது. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எங்கே ஊன்றிப் படிப்பது, எங்கே வேகமாக நகர்வது, எப்போது மூடிவைப்பது என்பது தெரிந்துவிடும். (எந்த நாவலிலும் குற்றவாளி யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.)

தேடும் கதை, ஓடும் கதை

வீட்டில் பீரோ சாவி காணோம் என்று வைத்துக்கொள்வோம். சாவி தொலைந்த சம்பவம் காலையிலேயே, அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. தேடல்தான் மாலை வரை நீள்கிறது. "கடைசியா யார் பீரோவைத் திறந்தது?" "அப்ப நீ எங்க இருந்தே?" "ஃபோன் வந்துச்சு, பேசிக்கிட்டே மாடிக்குப் போனேன்." ஒவ்வொரு பதிலும் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் சாவி இருக்கும் இடம் அந்தச் சப்பென்ற பதில்களில் ஏதோ ஒன்றுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

துப்பறியும் நாவலின் எலும்புக்கூடும் இதுதான். அதில் இரண்டு கதைகள் இருக்கின்றன. குற்றத்தின் கதை ஒன்று. அது முடிந்துபோனது, நம் கண்ணுக்கு மறைவானது. விசாரணையின் கதை மற்றொன்று. அதுதான் நம் முன்னால் நடக்கிறது. விமர்சகர் த்ஸ்வெதான் தொதரோவ் 1966-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பிரிவினையைத் தெளிவாக விளக்கினார். முக்கியமான சம்பவங்களெல்லாம் முதல் கதையில் நடந்து முடிந்துவிட்டதால், நாம் படிக்கும் இரண்டாவது கதையில் பெரும்பாலும் கேள்வி கேட்பதும், பதில் சொல்வதும், ஒரு அறையைச் சுற்றிப் பார்ப்பதுமே மிஞ்சும்.

த்ரில்லர் என்பது வேறு வகை. அதில் ஆபத்து இனிமேல்தான் வரப்போகிறது. கதாநாயகன் தப்பிப்பானா என்ற பதற்றம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி த்ரில்லருக்கு உரியது. அன்று என்னதான் நடந்தது என்ற கேள்வி துப்பறியும் நாவலுக்கு உரியது. புத்தகக் கடைகளிலும் ஓ.டி.டி. தளங்களிலும் இரண்டையும் 'க்ரைம்' என்ற ஒரே தட்டில் அடுக்கிவிடுகிறார்கள். ஏமாற்றத்தில் பாதி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

சுருக்கமாக: துப்பறியும் நாவல் பின்னோக்கித் தேடுகிற கதை. அதில் பேச்சு அதிகமாகவும் ஓட்டம் குறைவாகவும் இருப்பது அந்த வகையின் இயல்பு.

துப்பை ஒளிக்க இடம் வேண்டும்

துப்பு என்றால் உண்மையைக் காட்டிக்கொடுக்கும் தகவல். அது ஒரு பொருளாக இருக்கலாம், ஒரு நேரமாக இருக்கலாம், வாய் தவறி வந்த வார்த்தையாகவும் இருக்கலாம். அதை எழுத்தாளர் வாசகருக்குக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் வாசகர் கவனிக்கக் கூடாது. இந்த விநோதமான ஒப்பந்தத்துக்கு ஃபேர் பிளே என்று பெயர். துப்பறிவாளர் கண்ணில் படும் எந்தத் துப்பும் உடனே வாசகர் முன்னும் வைக்கப்பட வேண்டும் என்பது, பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று.

காட்டவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும் என்றால் என்ன செய்வது? சுற்றிலும் வேறு விஷயங்களைக் கொட்ட வேண்டியதுதான். 'மூன்ஸ்டோன்' இதை எப்படிச் செய்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

வைரம் தொலைவதற்குச் சில அத்தியாயங்களுக்கு முன்னால், வைரத்துக்குச் சொந்தக்காரியான ரேச்சலும் அவள் உறவினர் ஃப்ராங்க்ளின் ப்ளேக்கும் அவளுடைய அறைக் கதவில் பூவும் பறவையுமாகப் படம் தீட்டிப் பொழுதுபோக்குகிறார்கள். பெயிண்டில் கலக்க ஃப்ராங்க்ளின் ஏதோ ஒரு கலவை தயாரிக்கிறார். கதையைச் சொல்லும் வீட்டுக் காரியஸ்தர் பெட்டரெட்ஜ், அது எதனால் ஆனது என்று தனக்குத் தெரியாது, ஆனால் நாற்றம் அடித்தது என்று நக்கலடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். வாசகர் சிரிக்கிறார், அல்லது கொட்டாவி விடுகிறார். பக்கம் புரள்கிறது.

வைரம் தொலைகிறது. உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி சீக்ரேவ் வருகிறார். கதவில் பெயிண்ட் ஓரிடத்தில் இழுபட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கும்பலாக வந்த வேலைக்காரப் பெண்களின் பாவாடை உரசியிருக்கும் என்று தள்ளிவிடுகிறார். பிறகு லண்டனிலிருந்து துப்பறிவாளர் சார்ஜெண்ட் கஃப் வருகிறார். அவருக்கு அந்த இழுபட்ட இடம்தான் எல்லாமே. அந்தப் பெயிண்ட் காய எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறார்: பன்னிரண்டு மணி நேரம். அந்தப் பகுதியைத் தீட்டி முடித்தது எப்போது? புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி. அப்படியானால் வியாழன் விடியற்காலை மூன்றுக்குக் காய்ந்திருக்கும். காலை பதினொரு மணிக்கு வந்த கும்பல் காய்ந்த பெயிண்டை இழுத்திருக்க முடியாது. காரியஸ்தரின் மகள் பெனலபி நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வந்தாள். ஈரம் என்று தெரிந்து உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்போது பெயிண்ட் நன்றாகவே இருந்தது. ஆக, பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் யாரோ அந்த வழியாகப் போயிருக்கிறார்கள். அவர்கள் உடையில் பெயிண்ட் கறை இருக்க வேண்டும்.

கதவில் படம் தீட்டிய காட்சி, நாறும் கலவையைப் பற்றிய நகைச்சுவை, பெனலபியின் சாட்சியம் என மூன்றும் தனித்தனியாக, வெவ்வேறு இடங்களில் கிடக்கும்போது எதற்கும் பயனில்லாதவை. சேர்ந்தால் மூன்று மணி நேர இடைவெளி ஒன்று கைக்குக் கிடைக்கிறது. அந்தப் பொழுதுபோக்குக் காட்சியை "வளவளா" என்று தாண்டிய வாசகருக்கு, கஃப் செய்வது வெறும் கணக்குப் போடுவதாகத் தெரியும். அந்தக் காட்சி நினைவில் இருப்பவருக்குத்தான் திக்கென்று இருக்கும்.

ஒளிக்கும் உத்திகள் அநேகமாக எல்லா எழுத்தாளர்களிடமும் ஒன்றுதான். நீளமான பட்டியலின் நடுவில் ஒரு பொருளைச் சொருகுவது. கோமாளித்தனமான பாத்திரத்தின் வாயில் உண்மையைப் போடுவது. துப்பைக் காட்டிய அடுத்த வரியிலேயே கதவு படாரென்று திறக்கும்படியோ யாராவது மயங்கி விழும்படியோ செய்வது. துப்பைக் காட்டியவுடன் ஒரு அசட்டு அதிகாரியை விட்டு அதற்குத் தப்பான விளக்கம் சொல்லவைப்பது. சீக்ரேவ் செய்வது இதைத்தான். இவற்றோடு ரெட் ஹெர்ரிங்குகளும் உண்டு, அதாவது வாசகரைத் தவறான ஆள் மேல் சந்தேகப்பட வைப்பதற்கென்றே வைக்கப்படும் போலித் துப்புகள். போலித் துப்பு நம்பும்படியாக இருக்க வேண்டுமென்றால் அந்தத் தவறான ஆளுக்கும் ஒரு வாழ்க்கை, ஒரு ரகசியம், சில பக்கங்கள் தேவை.

இந்த இடத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அசல் நீளமாக இருக்கிறதே என்று சுருக்கப்பட்ட பதிப்பைத் தேடிப் படிக்கிறார்கள். சுருக்குபவர் என்ன செய்வார்? கதைக்குத் தேவையில்லாதவை என்று தோன்றுவதையெல்லாம் வெட்டுவார். மிஞ்சுவது துப்புகள் மட்டும்தான். மறைப்பு போய்விட்டதால் குற்றவாளி பாதியிலேயே தெரிந்துவிடுவார். "இதுக்கா இவ்வளவு புகழ்?" என்ற இரண்டாவது ஏமாற்றம் அங்கிருந்து வருகிறது. துப்பறியும் நாவலைச் சுருக்கிப் படிப்பதைவிடப் படிக்காமல் இருப்பது மேல்.

சுருக்கமாக: சலிப்பூட்டும் பக்கங்களில் ஒரு பகுதி, துப்புகளை மறைக்கும் போர்வை. போர்வையை உருவிவிட்டால் புதிரும் போய்விடும்.

கெட்டிக்காரரைத் தள்ளிவைப்பது

துப்பறிவாளர் எல்லாவற்றையும் உடனே புரிந்துகொள்பவர். அவர் தலைக்குள்ளிருந்து கதை சொன்னால் மூன்றாவது அத்தியாயத்தில் புதிர் அவிழ்ந்துவிடும். அதனால் அவரைவிடக் கொஞ்சம் மந்தமான ஒருவரைக் கதைசொல்லியாக வைக்கிறார்கள். ஹோம்ஸுக்கு வாட்சன் இருப்பது இதற்குத்தான்.

ஹோம்ஸ் நாவலான 'பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்' ஸ்ட்ராண்ட் இதழில் 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை வந்தது. பதினைந்து அத்தியாயங்கள். ஆறாம் அத்தியாயத் தொடக்கத்தில் வாட்சனை ரயிலேற்றி அனுப்பும் ஹோம்ஸ், பதினோராம் அத்தியாயத்தின் கடைசி வரியில்தான் மீண்டும் வாய் திறக்கிறார். ஹோம்ஸுக்காகப் புத்தகம் வாங்கியவர்கள் இந்த நடுப்பகுதியில் சோர்ந்துபோவது நியாயம்தான். ஆனால் அவர் கூடவே இருந்திருந்தால் பனிமூட்டமும் சதுப்புநிலமும் பயமுறுத்தியிருக்காது. இரண்டு பக்கத்தில் விளக்கிவிட்டுப் பைப்பைப் பற்றவைத்திருப்பார்.

காலின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். காரியஸ்தர், பக்திப் பிரசுரம் விநியோகிக்கும் மிஸ் கிளாக், வக்கீல், மருத்துவரின் உதவியாளர் என்று பலர் ஆளுக்கொரு பகுதியாகக் கதை சொல்கிறார்கள். அப்போது தனக்குத் தெரிந்திருந்ததை மட்டுமே சொல்ல வேண்டும், பின்னால் தெரிந்துகொண்டதைக் கலக்கக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டுப்பாடு. ஏறக்குறைய நீதிமன்றச் சாட்சியம்தான். நேரில் பார்த்த சாட்சி சுற்றிவளைத்துத்தானே பேசுவார்? பெட்டரெட்ஜ் வைரத்தைப் பற்றி ஆரம்பித்துத் தன் சொந்தக் கதைக்குப் போய்விடுகிறார். போய்விட்டதை அவரே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார்.

பத்திரிகையும் நூலகமும் திணித்த நீளம்

இதுவரை சொன்னது புதிரின் தேவை. அடுத்தது தொழிலின் தேவை.

'மூன்ஸ்டோன்' சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் 1868 ஜனவரி 4 முதல் ஆகஸ்ட் 8 வரை 32 பகுதிகளாக வந்தது. நாவல் ஏறக்குறைய இரண்டு லட்சம் சொற்கள். அதாவது வாரத்துக்குச் சுமார் ஆறாயிரம். அன்றைய வாசகர் அந்த ஆறாயிரத்தைப் படித்துவிட்டு, ஒரு வாரம் முழுக்க யார் எடுத்திருப்பார்கள் என்று வீட்டிலும் வேலையிடத்திலும் பேசிக்கொண்டிருந்தார். முன்னால் வந்ததை நினைவூட்டும் வரிகள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இந்த ஏழு நாள் இடைவெளி. புத்தகமாகத் தொடர்ந்து படிக்கும்போது அவையே "சொன்னதையே சொல்கிறாரே" என்று எரிச்சலாகின்றன.

தொடர் முடியும் தறுவாயில், 1868 ஜூலையில், அன்றைய வழக்கப்படி மூன்று தொகுதிகளாகப் புத்தகம் வந்தது. விக்டோரியா காலத்தில் மூன்று தொகுதி நாவலின் வழக்கமான விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண ஆட்கள் வாங்க முடியாத விலை அது. வாங்கியவை சந்தா நூலகங்கள்; அவற்றில் பெரியது மூடி (Mudie) என்பவரின் நூலகம். வருடத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் சந்தா கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு தொகுதி எடுத்துப்போகலாம். ஒரு நாவல் மூன்று தொகுதியாக இருந்தால் ஒரே சமயத்தில் மூன்று சந்தாதாரர்களிடம் சுற்றும். நூலகத்துக்கு லாபம். எழுத்தாளருக்கு? மூன்று தொகுதியை நிரப்பியாக வேண்டும். 1894-ல் பெரிய நூலகங்களே இந்த முறைக்கு எதிராகத் திரும்பியதும் மூன்று தொகுதி நாவல் சில வருடங்களில் மறைந்தது. 1920-30களில் வந்த துப்பறியும் நாவல்கள் அறுபது எழுபதாயிரம் சொற்களுக்குள் அடங்கிவிடுவது தற்செயலாக நடந்ததல்ல.

சுருக்கமாக: இந்த நீளம் கலைக்காக வந்ததில்லை, விற்பனைக்காக வந்தது. இதை வேகமாகப் படித்தால் குடி முழுகிப்போய்விடாது.

உண்மையிலேயே இழுவை என்றால்?

செவ்வியல் என்று பெயர் வாங்கிவிட்டதாலேயே எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. சில இடங்கள் அன்றும் இழுவை, இன்றும் இழுவை.

ஹோம்ஸ் முதன்முதலில் தோன்றிய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' (1887) பதினான்கு அத்தியாயம் கொண்ட சிறு நாவல். ஏழாவது அத்தியாயத்தோடு குற்றவாளி பிடிபட்டுவிடுகிறார். அடுத்த ஐந்து அத்தியாயங்களுக்கு லண்டனும் இல்லை, ஹோம்ஸும் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பல வருடங்களுக்கு முன் நடந்த முன்கதை. பிரெஞ்சு எழுத்தாளர் எமில் கபோரியோ, 'முஸ்யே லெகோக்' நாவலில் ஒரு பாகம் முழுக்க இதே வேலையைச் செய்தவர். குற்றத்துக்கான காரணத்தை விசாரணையோடு பின்னத் தெரியாமல், தனியாகக் கழற்றிப் பின்னால் மாட்டிவிட்டார்கள். கட்டுமானப் பிழை என்றே இதைச் சொல்லலாம்.

இன்னொரு வகை, கால அட்டவணை நாவல்கள். அலிபி என்பது, குற்றம் நடந்த நேரத்தில் தான் வேறிடத்தில் இருந்ததாக ஒருவர் காட்டும் ஆதாரம். ரயில்வே பொறியாளராக வேலை பார்த்த ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ், அலிபியை உடைப்பதில் நிபுணர். ரயில், கப்பல் நேரங்களை நிமிடக் கணக்கில் சரிபார்த்துக்கொண்டே போவார். டோரத்தி சேயர்ஸின் 'ஃபைவ் ரெட் ஹெர்ரிங்ஸ்' (1931) நாவலில் சந்தேகத்துக்குரிய ஓவியர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் ரயிலும் சைக்கிளும் நேரமும். கணக்கில் ருசி உள்ளவர்களுக்கு இது விருந்து. மற்றவர்கள் பாதியில் எழுந்து போனால் குற்றமில்லை.

பழைய நாவல் சப்பென்று தெரிய இன்னொரு காரணமும் உண்டு, அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஒதுக்குப்புறமான பெரிய வீடு, அங்கே கூடிய விருந்தினர்கள், குளறும் உள்ளூர் போலீஸ், நகரத்திலிருந்து வரும் பெயர்பெற்ற துப்பறிவாளர், குற்ற இரவை மறுபடி நடத்திப் பார்ப்பது என எல்லாமே 'மூன்ஸ்டோனில்' இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் இவற்றை எடுத்து எடுத்துத் தேய்த்துவிட்டார்கள். தேய்ந்த பிரதிகளை முதலில் பார்த்தவருக்கு அசலும் பிரதி மாதிரியே தெரியும்.

எப்படிப் படித்தால் கைக்கு வரும்

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். செவ்வியல் பதிப்புகளில் பேராசிரியர்கள் எழுதும் முன்னுரைகள், வாசகருக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டு முடிவைப் போட்டுடைத்துவிடும். பின்னட்டையும் அவ்வளவு நம்பகமானதில்லை.

ஒரு தாளில் பெயர்களையும் உறவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். குற்றம் நடந்த இரவுக்கு மட்டும் நேரம், இடம், ஆள் என்று மூன்று கட்டம் போட்டால் போதும். முழு நாவலுக்கும் குறிப்பெடுக்க ஆரம்பித்தால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு விசாரணை முடிந்ததும் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் தானே கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, இவர் சொல்வதை வேறு யார் உறுதிசெய்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடம் கவனிக்க வேண்டிய இடம்.

தொடராக எழுதப்பட்டதைத் தொடராகவே படிக்கலாம். 'மூன்ஸ்டோனை' ஒரு வார இறுதியில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம் திட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு ஓரிரு அத்தியாயம் போதும். இயற்கை வர்ணனை, அறவுரை, கதைசொல்லியின் வாழ்க்கைத் தத்துவம் ஆகியவற்றில் வேகமாக நகரலாம். வீட்டின் அமைப்பு, யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தக் கதவு பூட்டியிருந்தது என்பவை எவ்வளவு வறட்சியாக இருந்தாலும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

விடை வரும் அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடி, யார், எப்படி, ஏன் என்று மூன்று வரி எழுதுங்கள். எல்லரி க்வீன் என்ற பெயரில் எழுதிய இரட்டையர், 1929-ல் வந்த முதல் நாவலிலேயே கதையை நிறுத்தி, எல்லாத் துப்பும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, விடையைச் சொல்லுங்கள் என்று வாசகருக்குச் சவால் விட்டார்கள். மற்ற நாவல்களில் அந்தச் சவால் அச்சாகியிருக்காது, அவ்வளவுதான். தப்பான விடை எழுதியவருக்கும் கடைசி அத்தியாயம் இனிக்கும். எதையும் எழுதாதவருக்கு அது நீண்ட விளக்கவுரை.

புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் ஹோம்ஸ் சிறுகதைகளில் தொடங்குவது நல்லது. ஒரே அமர்வில் புதிரும் விடையும் கிடைத்துவிடும். அடுத்து 1920-30களின் நாவல்கள், குறிப்பாக அகதா கிறிஸ்டி. அவரிடம் மறைப்பு அதிகம், வெற்று நீளம் குறைவு. விக்டோரியா கால நாவல்களுக்கு அதற்கப்புறம் வரலாம்.

குற்றம் நடந்து, முதல் சுற்று விசாரணையும் முடிந்த பிறகும் யார் மேலும் சந்தேகமே எழவில்லை என்றால் தயங்காமல் மூடிவைக்கலாம். தப்பான சந்தேகமாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது ஒன்று எழ வேண்டும். 'மூன்ஸ்டோனுக்கு' மட்டும் கொஞ்சம் சலுகை கொடுங்கள். பெட்டரெட்ஜின் நீண்ட பகுதி முடிந்ததும் மிஸ் கிளாக் பேச ஆரம்பிக்கிறார். உறவினர் வீடு முழுக்கப் பக்திப் பிரசுரங்களை ஒளித்துவைத்துவிட்டு, அதைப் பெரிய புண்ணிய காரியமாகச் சொல்லிக்கொள்கிறார். அவர் பேசும் முதல் இரண்டு அத்தியாயங்களிலும் சிரிப்பு வரவில்லையென்றால் புத்தகத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.